‘90 சதவீதம் துல்லியம்’ என்கிறார்கள், நம்பி வாங்கலாமா?

கேள்வி: மருத்துவமனை ஒன்றில் தர மேம்பாட்டுப் பிரிவைக் கவனிக்கிறேன். உள்நோயாளிகளுக்கு செப்சிஸ் (கிருமித் தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி, உறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலை) வரப்போவதை முன்கூட்டியே எச்சரிக்கும் மென்பொருளை ஒரு நிறுவனம் விற்க வந்திருக்கிறது. 90 சதவீதம் துல்லியமாம். ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: முதலில் அந்த 90-ஐப் பிரித்துப் பார்ப்போம். 1,000 நோயாளிகளில் 10 பேருக்கு செப்சிஸ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் வருபவர்களில் 90 சதவீதத்தினரைப் பிடிக்கும், வராதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும் என்றால், அந்தப் பத்துப் பேரில் 9 பேருக்கு அலாரம் அடிக்கும். நல்லதுதான். ஆனால் மீதி 990 பேரில் 99 பேருக்கும் அடிக்கும். நர்ஸ் பன்னிரண்டு முறை ஓடினால் ஒரு முறைதான் அது நிஜம். இரவு ஷிப்டில் தனியாக நிற்கும் நர்ஸ் சில நாட்களிலேயே அந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்வதை விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் விற்கும் எபிக் நிறுவனத்தின், அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட செப்சிஸ் கணிப்பு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரைத்தான் அது பிடித்திருந்தது. அப்படியும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 18 சதவீதத்தினருக்கு எச்சரிக்கை அடித்தது. செப்சிஸ் வந்த 2,552 பேரில், உரிய நேரத்தில் ஆன்டிபயாட்டிக் கிடைக்காதிருந்து, மென்பொருள் சுட்டிக்காட்டியவர்கள் 183 பேர்தான். நீங்கள் கேட்க வேண்டிய எண் இந்தக் கடைசி வகைதான். டாக்டர் ஏற்கெனவே சந்தேகப்பட்டு ரத்த கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எழுதிய பிறகு அடிக்கும் அலாரம் கணக்கில் ‘சரி’ என்று ஏறும், நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. அலாரம் அடிக்கிறது, உடனே மருந்து கொடுக்கிறார்கள், செப்சிஸ் வராமல் போகிறது. இப்போது அது பொய் அலாரமா, காப்பாற்றிய அலாரமா? பதிவேட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் முதல் கட்டத்தில் மென்பொருளை மௌனமாக ஓட்டச் சொல்கிறேன். அது பின்னணியில் கணிக்கட்டும், வார்டில் யார் கண்ணிலும் படக்கூடாது. ஒவ்வொரு கணிப்பும் எத்தனை மணிக்கு வந்தது, ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸ் எத்தனை மணிக்கு ஏறியது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது செப்சிஸ் என்பதை அந்தக் கணிப்புகளைப் பார்க்காத மருத்துவர்கள் முடிவு செய்யட்டும்.

இதற்கு ஒரு மாதம் போதாது. மாதத்துக்கு 1,000 பேர் வந்தாலும், மேலே சொன்ன கணக்குப்படி உங்களுக்குக் கிடைப்பது பத்தே நோயாளிகள். பத்துப் பேரை வைத்து எதையும் நிரூபிக்கலாம்!

மௌன ஓட்டத்தில் தேறினால், அப்புறம் வார்டு வார்டாகத் திறந்துவிடுங்கள். எந்த வார்டு முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுங்கள். ஒரே வார்டில் பாதி நோயாளிகளுக்கு மட்டும் காட்டினால், அதைப் பார்த்துப் பழகிய டாக்டர் மற்றப் பாதியையும் கூர்ந்து கவனிக்க ஆரம்பித்துவிடுவார், வித்தியாசமே தெரியாது. ‘போன வருஷம், இந்த வருஷம்’ ஒப்பீடும் வேண்டாம். இடையில் ஆள் மாறியிருக்கும், வேறு பயிற்சி நடந்திருக்கும்.

நிறுவனம் காட்டும் ஆய்வை யார் செய்தது என்றும் பாருங்கள். டாக்டர்கள் முடிவெடுக்க உதவும் கணினி மென்பொருள்கள் பற்றி 2005-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், உருவாக்கியவர்களே மதிப்பிட்ட ஆய்வுகளில் 74 சதவீதம் மருத்துவரின் செயல்பாடு மேம்பட்டதாகக் காட்டின. வெளியாட்கள் செய்தவற்றில் 28 சதவீதம்தான்.

வாங்குவதென்று முடிவானால், ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: மென்பொருளின் பதிப்பை மாற்றும் முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மாற்றிய பிறகு மௌன ஓட்டத்தை மறுபடி நடத்த நீங்கள் கேட்கும் பதிவுகளைத் தர வேண்டும்.