ஃப்ளைட் சிமுலேட்டருக்கு பிசி அசெம்பிள் செய்வது: கேள்வி பதில்

அண்ணா, நடுத்தர பட்ஜெட்டில் புது பிசி போடப் போகிறேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024தான் முக்கியம். "காசு முழுக்க கிராபிக்ஸ் கார்டுல போடு, பிராசஸர் ஏதோ ஒண்ணு போதும்" என்கிறார்கள் நண்பர்கள். சரியா?

மற்ற கேம்களுக்குச் சரி தம்பி. சிமுலேட்டருக்கு ஒத்துவராது. இங்கே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) இறக்கையின் மேல் காற்று என்ன செய்கிறது, இன்ஜின் எப்படி ஓடுகிறது, ஆட்டோபைலட் என்ன நினைக்கிறது, கீழே எந்தக் கட்டடத்தை வரைய வேண்டும், சுற்றிலும் எத்தனை விமானங்கள் என்று அத்தனையையும் பிராசஸர் கணக்குப் போட்டாக வேண்டும். அதில் பெரும்பங்கு 'மெயின் த்ரெட்' என்ற ஒரே வரிசையில்தான் போகிறது. பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்கள் உங்களிடம் 16 இருந்தாலும், அந்த ஒரு கோர் வேலையை முடிக்கும் வரை கார்டு சும்மா காத்திருக்கும்.

நானும் முதல் தடவை இதே தப்பைத்தான் செய்தேன். நல்ல கார்டு, பழைய நாலு கோர் பிராசஸர். 30,000 அடியில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். பெரிய விமான நிலையம் ஒன்றில் இறங்கப் போனால் 500 அடியிலேயே படம் திக்கித் திணற ஆரம்பித்துவிடும். ஒருநாள் ஃப்ளேருக்காக (தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்க) யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டீயரிங்கை, இழுக்கிறேன், படம் அப்படியே நின்றது. மறுபடி அசைந்தபோது சக்கரம் ரன்வேயில் அடித்து விமானம் எகிறிக்கொண்டிருந்தது. ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தேன், ஒரு ஃபிரேம்கூட ஏறவில்லை. ரெசல்யூஷன் குறைத்தும் ஃபிரேம் ஏறவில்லை என்றால் தடை கார்டில் இல்லை, பிராசஸரில் இருக்கிறது.

அப்படியானால் எந்த பிராசஸர்?

ஏஎம்டியின் எக்ஸ்3டி வரிசை. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. சாதாரண ரைசன் 5 7600-இல் எல்3 கேஷ் 32 எம்பி. ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. கேஷ் என்பது கைக்கெட்டும் மேசை, ரேம் என்பது அடுத்த அறையில் இருக்கும் அலமாரி. சிமுலேட்டர் கேட்கும் தரவு சின்னச் சின்னதாக, ஏகப்பட்ட இடங்களில் சிதறிக் கிடக்கும். மேசை பெரிதாக இருந்தால் அலமாரிக்கு நடக்கும் நடை குறையும். திணறல் அடங்குவது அதனால்தான்.

2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி இன்னும் வேகம், ஆனால் நடுத்தர பட்ஜெட்டில் அந்தக் கூடுதல் காசு கார்டுக்குப் போகட்டும். 7800எக்ஸ்3டி-யே கைக்கு எட்டவில்லையா? ஏஎம்5 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள பி650 மதர்போர்டு வாங்கி, இப்போதைக்கு 7600 போடுங்கள். பின்னால் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மதர்போர்டில் விளக்கு அலங்காரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

என்னிடம் ஏஎம்4 (முந்தைய தலைமுறை சாக்கெட்) போர்டில் ரைசன் 5 3600 இருக்கிறது சார். எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். 5800எக்ஸ்3டி அல்லது 5700எக்ஸ்3டி கிடைத்தால் அதே போர்டில் போடலாம். இரண்டிலும் 96 எம்பி கேஷ் உண்டு. முதலில் போர்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் அந்த பிராசஸர் இருக்கிறதா என்று பாருங்கள். பழையது சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸை (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்துவிடுங்கள். மாற்றிய பிறகு ஸ்கிரீன் வராமல் முழிக்க நேராது.

இன்னொன்று. ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரில்தான் இருக்கும். தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால், கூலரை நேராகப் பிடுங்கும்போது பிராசஸரும் கூடவே வந்து பின் வளைந்துவிடும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்குங்கள், பவரை அணைத்துவிட்டு கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகித் தளர்த்திய பிறகு தூக்குங்கள்.

கார்டில் 8 ஜிபி போதுமா, 12 அல்லது 16 வேண்டுமா?

2024 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் பரிந்துரை 8 ஜிபி விரேம் (கார்டின் சொந்த நினைவகம்), உயர்நிலைக்கு 12. புதிதாக வாங்குபவர் 8-ஐத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. 1440பி ரெசல்யூஷன், நகரத்தின் முப்பரிமாணக் கட்டடங்கள், ஏர்லைனர் காக்பிட் எல்லாம் சேர்ந்தால் 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். மிச்சம் வழிந்து ரேமுக்குப் போகும். அப்போது வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது, ஒரேயடியாக விழும்.

வாங்கும்போது பெட்டியைக் கவனித்துப் படியுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டாக வருகிறது. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி, 9070 இரண்டிலும் 16 ஜிபி உண்டு.

டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சின்னதாக வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கும் என்விடியா வசதி) ஃபிரேமைக் கூட்டும், ஆனால் கண்ணாடி காக்பிட்டில் உயரத்தைக் காட்டும் எண்கள் ஓடும்போது வால் பிடித்த மாதிரி மங்கும். என்னால் அதைச் சகிக்க முடிவதில்லை, அதனால் குவாலிட்டி நிலைக்குக் கீழே இறக்கமாட்டேன். ஃபிரேம் ஜெனரேஷன் வேறு விஷயம். இடைப்பட்ட ஃபிரேமை கார்டே செய்துகொள்வதால், பிராசஸர் தடையாக இருக்கும் இடத்தில் கைகொடுக்கும். ஆனால் அது இல்லாமலேயே 35, 40 ஃபிரேம் வர வேண்டும், இல்லாவிட்டால் கை அசைவுக்கும் படத்துக்கும் இடையே தாமதம் உறைக்கும்.

டாஸ்க் மேனேஜரில் சிபியு 35% தான் காட்டுகிறது. எனக்கு பிராசஸர் பிரச்சனை இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. அது எல்லா கோருக்கும் சேர்த்த சராசரி. ஒரு கோர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும், மற்றவை தூங்கும், மொத்தம் 35% என்று வரும். சிமுலேட்டரின் டெவலப்பர் மோடை ஆன் செய்து, ஃபிரேம் காட்டும் சின்னப் பெட்டியைத் திறங்கள். 'லிமிடெட் பை மெயின்த்ரெட்' என்றிருந்தால் பிராசஸர், 'லிமிடெட் பை ஜிபியு' என்றிருந்தால் கார்டு. நெரிசலான விமான நிலையத்தில் தரையில் நின்று பாருங்கள், நடுவானில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். மெயின்த்ரெட் என்று வந்தால் காசு செலவழிக்கும் முன் டெரைன் லெவல் ஆஃப் டீடெயிலையும் (நிலப்பரப்பு எவ்வளவு விவரமாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) ஏஐ விமானங்களின் எண்ணிக்கையையும் குறையுங்கள். அந்த இரண்டும்தான் பிராசஸரை அதிகம் தின்பவை.

ரேம் 32 போதுமா?

போதும். பரிந்துரையும் 32தான். டிடிஆர்5-6000 (6000 என்பது வேகம்), சிஎல்30 (தாமதத்தைக் குறிக்கும் எண்), 16 ஜிபி வீதம் இரண்டு ஸ்டிக். நாலு ஸ்டிக் போடாதீர்கள். ரைசன் 7000-இல் நாலு போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600-க்கு இறங்கிவிடும். பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பை) ஆன் செய்ய மறந்தால் 6000 ரேம் பெரும்பாலும் 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கூலர்?

என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) 1 டிபி, முடிந்தால் 2. 2024 பதிப்புக்கு 50 ஜிபி இடம் போதும், நிலப்பரப்பு நெட்டில் வந்துகொண்டே இருக்கும். அதனால் 50 எம்பிபிஎஸ் லைன் வேண்டும். பவர் சப்ளை 750 வாட், கோல்டு தரம், தெரிந்த தயாரிப்பாளர். 7800எக்ஸ்3டி-க்கு நல்ல டவர் ஏர் கூலர் தாராளம்.

ஆர்டிஎக்ஸ் 4070 உள்ள லேப்டாப் வாங்கினால் இடம் மிச்சமாகுமே?

லேப்டாப் 4070-இல் விரேம் 8 ஜிபி, டெஸ்க்டாப் 4070-இல் 12. பெயர் ஒன்று, கார்டு வேறு. மேசை வைக்க இடம் இருந்தால் டெஸ்க்டாப்பே.

என் மகளுக்கு பைலட் ஆகும் ஆசை. பிசிக்கே பட்ஜெட் முடிந்துவிடும் போலிருக்கிறது. கீபோர்டு, மவுஸ் போதாதா?

போதாதுங்க. கீபோர்டில் ஒரு கீயை அழுத்தினால் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) படிப்படியாகத் தாவும், விரல் நுனியால் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் பழக்கம் வரவே வராது. கார்டில் ஒரு படி இறங்கியாவது அவளுக்கு ஒரு ஸ்டிக் வாங்கிக் கொடுங்கள். ஹால் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். அது காந்தத்தை வைத்து அளப்பதால் உரசித் தேயாது. பொட்டன்ஷியோமீட்டர் உள்ளவை நாளடைவில் தேய்ந்து, கையை எடுத்த பிறகும் விமானம் தானாக ஒரு பக்கம் சாயும். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் ஸ்டிக்கில் ஹால் சென்சார் இருக்கிறது, பிடியைத் திருகினால் ரட்டரும் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை) வேலை செய்யும், அதனால் பெடல் இப்போது வேண்டாம். முதல் மாதம் செஸ்னா 172 மட்டும் ஓட்டட்டும். அது பிசிக்கும் சுமை குறைவு.