ஃபிளாஷுக்கு எந்தப் பேட்டரி?

கேள்வி: தைப்பூசக் காவடியைப் படமெடுக்கும்போது, ஃபிளாஷ் விளக்கில் போடும் நான்கு அல்கலைன் பேட்டரிகளும் விழா பாதியைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடுகின்றன. ரீசார்ஜ் பேட்டரியில் 1.2 வோல்ட் என்றே அச்சிட்டிருக்கிறது, 1.5 வோல்ட் கேட்கும் கருவிக்கு அது போதுமா? புயல் காலத்து டார்ச்சுக்கும் வானொலிக்கும் அதையே போடலாமா?
— வாசகர், ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: தாராளமாகப் போதும். அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கினாலும் அந்த அளவில் நிற்பதில்லை; ஃபிளாஷ் ஒவ்வொரு முறை மின்னிய பிறகும் தன் மின்தேக்கியை நிரப்பச் சில ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதால், உள்தடை (பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்தை எதிர்க்கும் தடை) மிகுந்த அல்கலைனின் மின்னழுத்தம் விரைவிலேயே 1.2 வோல்ட்டுக்கும் கீழே சரிந்து, அடுத்த மின்னலுக்கு நீங்கள் காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் பேட்டரியின் உள்தடை மிகவும் குறைவு என்பதால், அது தீரும் தறுவாய் வரையில் ஏறக்குறைய 1.2 வோல்ட்டிலேயே நிற்கும். சுவர்க் கடிகாரம் போன்ற சிறு சுமையில் 2,500 மில்லி ஆம்பியர் மணி (பேட்டரி மொத்தமாகத் தரும் மின்சாரத்தின் அளவு) தரக்கூடிய அல்கலைன், ஓர் ஆம்பியர் சுமையில் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. ஆகவே ஃபிளாஷுக்கு ரீசார்ஜ் பேட்டரிதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ரீசார்ஜ் பேட்டரி சும்மா வைத்திருந்தாலே தீர்ந்துபோகும் என்ற பழைய குறை, 2005-இல் சான்யோ நிறுவனம் எனெலூப் என்ற ரீசார்ஜ் பேட்டரியை வெளியிட்ட பிறகு பெரிதும் நீங்கிவிட்டது. அவ்வகைப் பேட்டரிகள் ஓராண்டு கழித்தும் பெரும்பகுதி மின்னேற்றத்தைத் தக்கவைத்திருக்கும். சார்ஜர் வாங்கும்போது, ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே கண்காணித்துத் தானே நின்றுவிடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதலானாலும் பேட்டரிகளின் ஆயுள் அதைப் பொறுத்தே அமைகிறது. பழையதையும் புதியதையும் ஒரே கருவியில் கலக்காதீர்கள்.

புயல் காலத்துக்கு என் விடை வேறு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை எப்போது வேண்டுமானாலும் மின்சாரம் நின்றுபோகக்கூடிய நம் தீவில், சார்ஜரை மட்டும் நம்பியிருப்பது பாதுகாப்பாகாது. குறைந்த மின்னோட்டமே போதுமான வானொலிக்குப் புதிய அல்கலைன் மிகப் பொருத்தம். பிரிக்காத உறையில் அது ஏறக்குறைய பத்தாண்டு தாங்கும். டார்ச்சுக்கு லித்தியம் வகை ஒருமுறைப் பேட்டரி இன்னும் மேல், ஆனால் விலை அதிகம். எதுவாயினும் கருவிக்குள் போட்டே வைக்காமல் அருகில் தனியே வையுங்கள். நாள்பட்ட அல்கலைனிலிருந்து கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உலோக இணைப்புகளை அரித்துவிடும்.