கோவையில் மணந்த சென்ட் கோத்தகிரியில் ஏன் மணக்கவில்லை?

கேள்வி: கோயம்புத்தூர் மால் ஒன்றில் கையில் அடித்துப் பார்த்தபோது, மழை விட்ட தோட்டத்துக்குள் நிற்கிற மாதிரி பச்சையும் பூவுமாக அவ்வளவு நன்றாக இருந்தது. உடனே வாங்கிவிட்டேன். எனக்குக் கோத்தகிரியில் டீ ஃபேக்டரி ஆபீஸில் வேலை. காலையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் வாசனை மெலிசாகத்தான் இருக்கிறது, அரை மணி நேரத்தில் அதுவும் இல்லை. போலியா? வேறு வாங்க வேண்டுமா?

பதில்: போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அட்டைப்பெட்டியிலும் பாட்டிலின் அடியிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், போதும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சென்ட்டில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. மலைக் குளிரும் நீங்கள் வேலை செய்கிற இடமும்தான் காரணம்.

பறித்த கொழுந்தை வாட வைக்கிற விதரிங் ட்ரஃபில் பரப்பும்போது முதலில் ஒரு கூர்மையான வாசனை எழும்புமே, புல் வெட்டின மாதிரி, அதில் பெரிய பங்கு சிஸ்-3-ஹெக்ஸெனால் என்ற பொருளுக்கு. இலை கிழிந்தாலோ நசுங்கினாலோ அதிலுள்ள கொழுப்பு அமிலங்களை என்சைம்கள் உடைக்கும்போது இது உண்டாகிறது. சென்ட் செய்கிறவர்களும் பச்சை வாசனைக்கு இதையேதான் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். கொழுந்து வாட வாட அந்தப் பச்சை அடங்கி, லினலூல், ஜெரானியால் மாதிரியான பூ வாசனைகள் மேலே வருவதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் தோலிலும் ஏறக்குறைய இதே வரிசைதான்: முதலில் பச்சை போகும், அப்புறம் பூ, கடைசிவரை நிற்பது மரமும் கஸ்தூரியும். ஹெக்ஸெனாலின் மூலக்கூறு எடை 100தான். லேசான மல்லிகை வாசனை தருகிற ஹெடியோன் என்ற பொருளுக்கு 226, அடியில் நிற்கிற கலக்ஸோலைடு என்ற செயற்கைக் கஸ்தூரிக்கு 258. லேசானது சீக்கிரம் பறந்துவிடும், அதை யாராலும் பிடித்து வைக்க முடியாது.

இன்னொன்று, நாள் முழுக்க இலை வாசனைக்குள்ளேயே இருக்கிற மூக்கு அதே வாசனையைத் தனியாக எடுத்துக் காட்டாது. அதனால் 'காணோம்' என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில் மற்றவர்களுக்கு அது வந்துகொண்டே இருக்கலாம். ஃபேக்டரிக்கு வெளியே, வீட்டிலிருந்து அப்போதுதான் வருகிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். வாசனை வரவில்லையே என்று நாலு ஐந்து தடவை கூட அடித்துக்கொள்வது மட்டும் வேண்டாம், மூடின ஜீப்பில் பக்கத்தில் உட்காருகிறவர் பாவம்.

அப்புறம் குளிர். கோவை வெயிலில் சூடான தோலிலிருந்து எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வந்து மூக்கில் அடித்தது, அதனால்தான் அங்கே அவ்வளவு பிடித்துப்போனது. கோத்தகிரிக் காலையில் அதே சென்ட் மெதுவாகத்தான் ஆவியாகும், சத்தமில்லாமல் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் தோலும் வறண்டு கிடக்கும், வறண்ட தோலில் வாசனை நிற்காது. குளித்ததும் வாசனையில்லாத வாஸ்லினைக் கழுத்தடியிலும் முழங்கை மடிப்பிலும் லேசாகத் தடவி அதன்மேல் அடியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் வாசனை இந்தப் பச்சையோடு ஒட்டாது. ஸ்வெட்டர் போடுவதற்கு முன்னாலேயே அடித்துவிட்டால் உடம்புச் சூட்டில் கழுத்து வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும்.

என்னைக் கேட்டால் மலைக்காரர்களுக்குக் கம்பளியை விட நல்ல இடம் கிடையாது. ஒரு முழ தூரத்திலிருந்து ஷாலின் ஓரத்தில் ஒரு தடவை அடித்தால், தோலில் மறைந்த பிறகும் அதில் நிற்கும். வெளிர் நிறமாக இருந்தால் கறை படுகிறதா என்று உள்பக்கத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். பட்டில் மட்டும் கூடாது, தடம் விழுந்துவிடும்.

அடுத்ததாக வாங்கும்போது, முதல் ஐந்து நிமிஷ வாசனையை வைத்து முடிவெடுக்காதீர்கள், இதுதான் நான் அழுத்திச் சொல்ல வருவது. கடையில் கையில் அடித்துக்கொண்டு பில் போடாமல் பஸ் ஏறுங்கள், மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறி வீடு வந்து சேர்ந்தபின் மிச்சம் இருக்கிறதே, அது பிடித்தால் வாங்குங்கள். பச்சை கொஞ்சம் நின்று மணக்க வேண்டுமென்றால் கால்பனம் இருக்கிறதா என்று பாருங்கள். பெருங்காயச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பிசின் அது, ஈரானிலிருந்து வருகிறது. 1947-இல் ஜெர்மேன் செல்லியே என்ற சென்ட் கலைஞர் பாரிஸின் பால்மேன் ஃபேஷன் நிறுவனத்துக்காகச் செய்த 'வான் வேர்' என்ற சென்ட் இதைத் தாராளமாக வைத்துத்தான் பச்சை சென்ட்களுக்கே பேர் வாங்கிக் கொடுத்தது. கசப்பாக, பட்டாணித் தோலை உரித்த மாதிரி இருக்கும், எல்லோருக்கும் பிடிக்காது, ஆனால் ஹெக்ஸெனாலைவிட நிற்கும். அடியில் வெட்டிவேர் இருந்தால் இன்னும் நல்லது, குளிருக்கு அது தாங்கும், பச்சையோடு சண்டையும் போடாது. 'ஓ டி பர்ஃபம்' என்று எழுதியிருந்தால் கூடுதல் நேரம் நிற்கும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் அதே பேரில் வரும் 'ஓ டி டாய்லட்' என்ற லேசான வகையைவிடப் பச்சை குறைந்து பூவும் கஸ்தூரியும் தூக்கலாக இருப்பது சகஜம், இரண்டையும் முகர்ந்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

இப்போது கையில் இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். வெயில் படாத அலமாரியில் வைத்தால் மலைக் குளிரில் நன்றாகவே தாங்கும், ஏப்ரல், மே மாதத்தில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும், ஸ்வெட்டர் அடுக்கில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தாலோ, சளிக்கு நீலகிரித் தைலம் தேய்த்திருந்தாலோ எந்தப் பூ வாசனையும் எடுபடாது. கம்பளியை ஒரு நாள் வெயிலில் உதறிப் போட்டு அந்துருண்டை வாடை போனபின் ஷாலில் அடித்துப் பாருங்கள்.