பிரான்ஸின் பிரிட்டனிக் கரையில் உள்ள சான் மாலோ எதற்குப் பேர்போனது?

முதலில் கடலைச் சொல்ல வேண்டும். இங்கே பெரிய ஓதத்தின்போது, அதாவது கடல் பொங்கி வற்றும்போது, நீர்மட்டம் 12 மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். கிட்டத்தட்ட நான்கு மாடி உயரம்! நீர் வற்றினால் கிராண்ட் பே என்ற குட்டித் தீவுக்கு மணலில் நடந்தே போகலாம். எழுத்தாளர் ஷத்தோபிரியான் கல்லறை அங்கேதான் இருக்கிறது. கல்லில் பெயரே கிடையாது. கடலைப் பார்த்தபடி ஒரு சிலுவை மட்டும். திரும்ப நேரமாகிவிட்டால் பாதை மூழ்கிவிடும், அடுத்த வற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதே ஓத வேகத்தை வைத்து, பக்கத்து ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள்.

இது மாலுமிகளின் ஊர். ஜாக் கார்த்தியே 1534-ல் கனடா பக்கம் கப்பலேறியது இங்கிருந்துதான். மன்னரின் அனுமதியோடு எதிரிக் கப்பல்களைப் பிடித்தே பலர் பணக்காரர்களானார்கள். 1590 முதல் நான்கு ஆண்டுகள் தனிக் குடியரசாகவே இருந்த வீம்புக்கார ஊர் இது. 1746-ல் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த லா பூர்தொனேயும் இந்த மண்ணில் பிறந்தவர்தான்.

மதில் சூழ்ந்த பழைய நகரம் 1944 ஆகஸ்ட்டில் பெரும்பாலும் எரிந்துபோனது. இன்று நாம் பார்க்கும் கருங்கல் வீடுகளில் பல, பழைய சாயல் கெடாமல் போருக்குப் பிறகு கட்டியவை. அந்த உழைப்புக்கே ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் சாப்பாடு: பக்வீட் என்ற தானிய மாவில் தோசைபோல மெல்லிசாக வார்த்த கலெத், ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் முட்டையும் சீஸும்.