பட்டப்பகலில் ஏன் திரை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க இங்கிலாந்து போனபோது விக்டோரியா காலத்து மாளிகை ஒன்றைச் சுற்றிப் பார்த்தேன். இப்போது அது அருங்காட்சியகம். பட்டப்பகலில் திரையை இறக்கிவிட்டு, மங்கலான விளக்கில் காட்டுகிறார்கள். ஜன்னலில் யூவி ஃபிலிம் ஒட்டியிருக்கிறோம் என்றும் சொன்னார்கள். பிறகு எதற்குத் திரை?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

ஃபிலிம் தடுப்பது புற ஊதாக் கதிரை மட்டும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சாயத்தை வெளுக்க வைக்கும். அதற்குத் திரைதான் காவல். ஃபிலிம் ஒட்டியாயிற்று என்று திரையைத் திறந்துவிடுவது பெரிய தவறு. அந்த ஃபிலிமும் ஆண்டுகள் போகப் போகத் திறன் இழக்கும், மீட்டர் வைத்துச் சோதித்து மாற்ற வேண்டும்.

வெளிச்சத்துக்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு. பட்டு, வாட்டர்கலர், சுவர்த்தாள் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 1,50,000 லக்ஸ்-மணி (வெளிச்சத்தின் அளவான லக்ஸை, அது படும் மணி நேரத்தால் பெருக்கியது) என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 50 லக்ஸ் மங்கல் விளக்கில் அது 3,000 மணி நேரம் வரும். நேரடி உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஒன்றரை மணி நேரத்தில் ஓராண்டுக் கணக்கு தீர்ந்துவிடும். இரவில் மூடி வைத்தாலும் போன நிறம் திரும்பாது.

விக்டோரியா காலப் பொருள்களுக்கு இதில் ஆபத்து கூடுதல். 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற வேதியியலாளர் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு பளிச்சென்ற புதுச் சாயங்கள் வரிசையாக வந்தன. பல சீக்கிரம் வெளுப்பவை. பட்டு இழையின் இயற்கைப் பசையை நீக்கினால் எடை சுமார் கால் பங்கு குறையும். அதை ஈடுகட்ட வெள்ளீய உப்பு ஏற்றினார்கள். அப்படிப்பட்ட பட்டு வெளிச்சத்தில் நொய்ந்து, மடிப்போடு மடிப்பாகக் கிழியும். ஒட்டுப்போட்டாலும் தையல் துளையிலிருந்தே மறுபடி கிழியும்.

லண்டன் கென்சிங்டனில் 18, ஸ்டாஃபோர்ட் டெரஸ் என்ற வீட்டையும் முடிந்தால் பாருங்கள். 'பஞ்ச்' இதழின் கேலிச்சித்திரக்காரர் லின்லி சாம்போர்ன் 1875-இல் குடியேறிய வீடு. வரவேற்பறைக்குப் பின்னாளில் தோல் போன்ற புடைப்புச் சுவர்த்தாள் வாங்கினார். விலை அதிகம் என்பதால் கண்ணில் படும் இடங்களில் மட்டும் ஒட்டி, படச்சட்டங்களுக்குப் பின்னால் வில்லியம் மோரிஸ் வடிவமைத்த பழைய சுவர்த்தாளை அப்படியே விட்டுவிட்டார். சட்டம் மறைத்த அந்தத் துண்டுகளுக்கு வெயில் எட்டவில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் நுழைந்ததும் ஐந்து நிமிடம் நில்லுங்கள், கண் பழகிவிடும். ஜன்னல் ஓரங்களில், வெவ்வேறு வேகத்தில் வெளுக்கும் நீலக் கம்பளிப் பட்டைகள் ஒட்டிய சிறு அட்டை தென்படலாம். பாதியை மூடி வைத்திருப்பார்கள். சில மாதம் கழித்துத் திறந்து, எந்தப் பட்டைவரை வெளுத்திருக்கிறது என்று பார்த்துத்தான் திரையை எவ்வளவு இறக்குவது என்று முடிவு செய்வார்கள்.