ரொறன்ரோவில் ஒலிப்பதிவை நம்பி வாழலாமா?

தம்பி, யாழ்ப்பாணத்தில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்துவிட்டு இப்போது நிரந்தர வதிவிட உரிமையோடு ஸ்காபரோ வந்திருக்கிறீர்கள். ஸ்டூடியோவில் வேலை தேடுவதா, கல்லூரியில் சேர்வதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் தள்ளிவைத்துவிட்டுச் சொந்தமாகத் தொழிலைத் தொடங்குங்கள் என்பேன். கூடவே படிப்பிக்கவும் தொடங்குங்கள்.

ஸ்டூடியோக்களில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் ஒரு நாளுக்கு அல்லது ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று பேசி வேலை செய்கிறார்கள். யூ2 குழுவின் இசைத்தட்டுகளைத் தயாரித்த டானியல் லன்வாவும் அவருடைய சகோதரரும் தாயார் வீட்டு பேஸ்மென்டில்தான் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஹமில்ற்றனில் கிராண்ட் அவென்யூ ஸ்டூடியோ வந்தது அதற்குப் பிறகு, 1976இல்.

உங்களிடம் இங்கே பலரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. நம் சங்கீதம் உங்கள் காதில் இருக்கிறது. இங்கே அரங்கேற்றங்களுக்குக் குறைவில்லை. ஆனால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும் தனித்தனி மைக் வைத்து, தொப்பியில் எழும் கும்கி என்ற வளைந்த அடிநாதம் அமுங்காமல் எடுக்கத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. நல்ல மைக் இரண்டு, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இடைமுகப் பெட்டி, மடிக்கணினி, மூடிய ஹெட்போன் இருந்தால் போதும், தேவாலய மண்டபத்திலேயே அழகாகப் பதியலாம். ஒலியை நுணுக்கமாகப் பதியும் 24 பிட் அமைப்பில் பதிந்தால், அளவைக் குறைத்து வைத்து உச்ச ஒலிக்குத் தாராளமாக இடம் விடலாம், இரைச்சல் தொந்தரவு செய்யாது. குளிர்காலத்தில் மட்டும் கவனம்: வெளியிலிருந்து கொண்டுவந்த மைக்கை உடனே எடுத்தால் ஈரம் படியும். அறையின் சூட்டுக்கு வரும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள். பதியும் நேரத்தில் ஹீட்டரின் காற்றாடியை நிறுத்தித் தரும்படி மண்டபக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

படிப்பிப்பதை இரண்டாம் தரமாக நினைக்காதீர்கள். பதிவு வேலை ஒரு மாதம் குவியும், அடுத்த மாதம் காயும். வாராவாரம் வரும் மாணவர்கள்தான் வாடகைக்கு உறுதி. வீட்டிலிருந்தே பாட்டுப் பதிவு செய்கிற இளம் பிள்ளைகள், மாணவரின் பாட்டைப் பதிந்து அனுப்ப வேண்டிய சங்கீத ஆசிரியர்கள் எல்லோருக்கும் இது தேவைப்படுகிறது. மைக்கை ஏன் ஒரு சாண் தள்ளி வைக்கிறோம் என்று ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்தும்போது நமக்கே இன்னும் தெளிகிறது. அந்தப் பிள்ளைகளில் சிலர் பிறகு தங்கள் ஆல்பத்தோடு உங்களிடமே வருவார்கள்.

பணம் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். பாட்டுகளுக்கான உரிமைத்தொகையைத் திரட்டிக் கொடுக்கும் கனடிய அமைப்பான சோகான் தருகிற தொகை பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வெளியீட்டாளருக்கும்தான், பதிந்தவருக்கு இல்லை. ஆகவே கூலியை முதலிலேயே மின்னஞ்சலில் எழுதிக்கொண்டு பாதியை முற்பணமாக வாங்குங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் அப்படித்தான்.

கல்லூரியில் படிப்பிக்கும் எண்ணம் வந்தால் அப்போது சான்றிதழ் உதவும். லண்டன், ஒன்ராறியோவில் உள்ள ஃபான்ஷா கல்லூரியில் இசைத்துறைப் படிப்பு இருக்கிறது. அதற்காக இன்றைக்கே கடன்பட வேண்டாம்.

அப்புறம் வரி. தொடர்ந்த நான்கு காலாண்டுகளில் வரவு 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரிக்குப் பதிவது கட்டாயம், ஒன்ராறியோவில் அது 13 சதவீதம். சொந்தத் தொழில் என்றால் ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளியின் பங்கையும் நீங்களே கட்ட வேண்டும். வரிப் படிவத்துக்கு ஜூன் 15 வரை நேரம் உண்டு, ஆனால் கட்ட வேண்டிய பணத்துக்குக் கெடு ஏப்ரல் 30. வருகிற ஒவ்வொரு கூலியிலும் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள்.