மின்கார் வாங்க டிசம்பருக்குள் ஓட வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரின் பொங்கோலில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். நானும் மனைவியும் மசநிதி (மத்திய சேமநிதி) பிடித்தத்துக்கு முன் மாதம் தலா 4,500 வெள்ளி சம்பாதிக்கிறோம். சேமிப்பு 60,000 வெள்ளி. பிள்ளைகள் இருவர். அப்பாவை வாரம் மும்முறை டயாலிசிசுக்கு அழைத்துப் போக வேண்டும். சிஓஇ (ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ்) சேர்த்து 160,000 வெள்ளிக்கு ஒரு மின்கார் பார்த்திருக்கிறோம், ஓஎம்வி (வரிகளுக்கு முந்தைய சந்தை மதிப்பு) 20,000. "2026 டிசம்பருக்குள் பதிந்தால் 30,000 வெள்ளிச் சலுகை, பெட்ரோல் காசும் மிச்சம்" என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இந்தக் கணக்கில் வாங்காதீர்கள். முதலில் அந்த 30,000 வெள்ளியைப் பார்ப்போம், ஏனென்றால் உங்களை அவசரப்படுத்துவது அதுதான்.

2026இல் மின்கார்களுக்கு இரண்டு சலுகைகள் உண்டு. விஇஎஸ் எனும் வாகனப் புகை வெளியேற்றத் திட்டத்தில் 22,500 வெள்ளி வரை. மின்காருக்கு முன்கூட்டியே மாறுவோருக்கான இஇஏஐ ஊக்கத்திட்டத்தில், ஏஆர்எஃப் எனும் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 45 விழுக்காடு, உச்சவரம்பு 7,500. கூட்டினால் 30,000 வருவது உண்மை. ஆனால் இரண்டுமே ஏஆர்எஃப்பில்தான் கழியும். அந்தக் கட்டணமும் 5,000 வெள்ளிக்குக் கீழே இறங்காது. உங்கள் காருக்கு ஓஎம்வி 20,000 என்பதால் ஏஆர்எஃப்பும் 20,000. ஆக, கழிக்க முடிந்தது 15,000 மட்டுமே. இஇஏஐ 2026ஓடு முடிகிறது; 2027இல் விஇஎஸ் 20,000 வெள்ளியாகக் குறைகிறது. அப்போதும் அதே 15,000 கழியும், நீங்கள் அதே 5,000 கட்டுவீர்கள். இந்த விலைப் பிரிவில் டிசம்பர் கெடுவுக்குப் பொருளே இல்லை. விலையை ஆட்டுவது சிஓஇ ஏலம்தான்.

சலுகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காரின் பதிவை ரத்து செய்யும்போது கிடைக்கும் பார்ஃப் தொகை, நீங்கள் உண்மையில் கட்டிய ஏஆர்எஃப்பில் ஒரு பங்கு. 5,000 கட்டியவருக்கு அந்த 5,000இல்தான் பங்கு. எனவே பத்தாண்டு முடிவில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்றே கணக்குப் போடுங்கள்.

இனி தவணை. ஓஎம்வி 20,000 வெள்ளியைத் தாண்டாத காருக்கு விலையில் 70 விழுக்காடு வரை, அதிகபட்சம் ஏழாண்டுக்குக் கடன் வாங்கலாம். உங்களுக்கு அது 112,000. நிலையான வட்டி 2.5 விழுக்காடு என்று வைத்தால் வட்டி மட்டும் 19,600; தவணை மாதம் 1,567 வெள்ளி. கடன் குறையக் குறைய வட்டி குறையாததால் இதன் உண்மை வட்டி ஏறத்தாழ 4.7 விழுக்காடு. முன்பணம் 48,000 போனால் சேமிப்பில் மிஞ்சுவது 12,000. டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டுக்கு இது போதவே போதாது. என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

பெட்ரோல் மிச்சம் எவ்வளவு? ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 16 கிலோவாட் மணி, கார்நிறுத்த மின்னூட்டிகளில் 60 காசு வீதம் என்று கொண்டால் 1,440 வெள்ளி. அதே தூரத்துக்கு, 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் காருக்கு, லிட்டர் 2.80 வெள்ளியில் 2,940. வித்தியாசம் 1,500. ஆனால் 110 கிலோவாட் மின்காருக்குச் சாலை வரி ஆண்டுக்குச் சுமார் 1,560 (இதில் 700 வெள்ளி கூடுதல் நிலையான கட்டணம்), 1.6 லிட்டர் பெட்ரோல் காருக்கு 740 அளவில். அதைக் கழித்தால் மாதத்துக்கு 57 வெள்ளி மிஞ்சும். அவசரத்துக்கு விரைவு மின்னூட்டியையே நம்பினால் அதுவும் சுருங்கும்.

தவணை, சாலை வரி, மின்சாரம், கூரையுள்ள கார்நிறுத்த மாதச்சீட்டு 110 வெள்ளி: நான்கும் சேர்ந்து 1,927. காப்புறுதியும் இஆர்பி எனும் சாலைக் கட்டணமும் சேர்ந்தால் 2,000ஐத் தாண்டும். மசநிதி போக உங்கள் கைக்கு வருவது 7,200. டாக்சியில் ஒரு வழிக்கு 15 வெள்ளி என்றால் அப்பாவின் பயணங்களுக்கு மாதம் 390. வாரயிறுதிக்குக் கார்ப் பகிர்வு எடுத்தாலும் 800ஐத் தாண்டாது. பிற்காலத்தில் கொண்டோ நினைத்தால், கார்த் தவணையும் வீட்டுக் கடனுக்கான 55 விழுக்காட்டு வரம்பில் (மாத வருமானத்தில் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து தாண்டக்கூடாத அளவு) சேரும்.

கார்தான் வேண்டுமென்றால், ஐந்து அல்லது ஆறு ஆண்டு சிஓஇ மீதமுள்ள பழைய மின்காரைப் பாருங்கள். மின்கலத்தின் நலச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். உத்தரவாதம் புதிய உரிமையாளருக்கு மாறுமா, முந்தையவர் தனியார் வாடகைக்கு ஓட்டினாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வழக்கமான மின்கல உத்தரவாதம் எட்டாண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது.

உங்கள் புளோக் கார்நிறுத்தத்தில் இரவு பத்து மணிக்கு நேரில் போய், மின்னூட்டி இடங்கள் காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 7.4 கிலோவாட் மின்னூட்டியில் 60 கிலோவாட் மணி மின்கலம் நிறைய எட்டு மணி நேரமாகும். நிறைந்த பிறகும் வண்டியை எடுக்காவிட்டால் சில நிறுவனங்கள் தண்டம் விதிக்கும்.

புதிய காருக்கே கையெழுத்துப் போடுவதானால், சிஓஇ கிடைக்கும் என்று அவர்கள் உத்தரவாதம் தருகிறார்களா, எத்தனை ஏலங்களுக்குள், சிஓஇ குறைந்தால் வித்தியாசம் உங்களுக்குத் திரும்புமா என்று ஒப்பந்தத்தில் படியுங்கள். விலைக் குறைப்பு அவர்கள் வழியே கடன் வாங்கினால் மட்டுமா என்றும் கேளுங்கள். கடனை முன்கூட்டியே அடைக்கும்போது வட்டித் தள்ளுபடியை ‘78 விதி’ எனும் முறைப்படிக் கணக்கிட்டால், முதல் ஆண்டுகளிலேயே வட்டியின் பெரும்பகுதி போயிருக்கும்.